இரண்டு நாட்டு சர்க்கார்

வேலையில் சேர்ந்த வாரமே ஓர் ஊர் எரிந்துபோன சேதி என் தலையில் வந்து விழுந்தது.

அது வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து நடைதான். புது ரெவின்யூ இன்ஸ்பெக்டரான நான் மூச்சு வாங்க மேலே போய்ப் பார்த்தால், திருப்புலி நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்ததை அந்த மலையில் ஒரு நாடு என்பார்கள்) அந்தச் சிற்றூரின் கூரை வீடுகள் அத்தனையும் கரிக்கட்டையாய் நின்றன. பகலில் பிடித்த தீ, எல்லோரும் காட்டு வேலையில் இருந்திருக்கிறார்கள். ஆள், மாடு எதற்கும் சேதமில்லை.

சடையன் என்ற குடியானவர் என் முன்னால் வந்து நின்றார்.

“சாமி, ஆனிக் கடைசியில எம் பையனுக்குக் கல்யாணமுங்க. பொண்ணு வந்து நுழையறதுக்கு ஊடு இல்லீங்க. ஆடி பொறந்துட்டா அப்புறம் பேச்சே இல்லீங்க.”

“சர்க்கார் பாத்துக்கும், கவலைப்படாதீங்க” என்றேன். சர்க்காரைப் பற்றி அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

1. மூங்கில் யாருடையது?

வீடு கட்ட மூங்கில் வேண்டும், கூரைக்குப் புல் வேண்டும். இரண்டும் ரிசர்வ் காட்டில். அனுமதியில்லாமல் ஒரு குச்சி ஒடித்தாலும் கேஸ்.

ஃபாரஸ்ட் ரேஞ்சரிடம் போனேன். “எத்தனை வீடு எரிஞ்சுதுன்னு ரெவின்யூக்காரங்க மொதல்ல எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் பாக்கலாம்” என்றார்.

தாசில்தாரிடம் ஓடினேன். “அந்த ஆளு மூங்கில் குடுக்கறானா இல்லையான்னே தெரியாம நான் எதைன்னு எஸ்டிமேட் போடறது? போய்யா!” என்றார்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முகாம் பங்களாவில் காற்று வருகிற அறை யாருக்கு என்று எப்போதோ வந்த சண்டையாம். அந்த அறைக்காக ஓர் ஊரே வானம் பார்த்துக் கிடந்தது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏறி இறங்கிக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன.

கடைசியில் ஒரு வேலை செய்தேன். தாசில்தாரிடம், “எரிஞ்ச ஊரைப் பாக்க ரேஞ்சர் மலையேறப்போறாராம் சார். கலெக்டர்கிட்ட நல்ல பேரு அவருக்குத்தான்” என்றேன். ரேஞ்சரிடம் போய் இதையே மாற்றிச் சொன்னேன். ஒரே நாள் காலையில் இரண்டு பேரும் மலையேறினார்கள்.

2. இலை போடாத மந்தை

மேலே ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். கூடை கூடையாகச் சாமைச்சோறு, பானை நிறையக் கோழிக்குழம்பு. மணம் மூக்கைத் துளைத்தது. ரேஞ்சர் நல்ல சாப்பாட்டு ராமர். காலையில் ஒரு காபியோடு ஏறியவர்.

“என்னப்பா, எலை போடலாமே?” என்றார்.

ஊர்க்கவுண்டர் கும்பிட்டார். “எரிஞ்ச ஊருக்கு வந்த சோறுங்க. யாரு என்ன கொண்டாறதுன்னு சொல்லி முடிக்காம எறக்கறதில்லீங்க. எங்க வழக்கமுங்க.”

ஒவ்வோர் ஊராக எழுந்தது. “நாங்க கயிறுங்க.” “நாங்க செவுத்துக்கு மண்ணு கொழைக்க ஆளுங்க.” எல்லோரும் சொல்லி முடித்ததும் ஊர்க்கவுண்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, சர்க்காரு என்னங்க?”

தாசில்தார் ரேஞ்சரைக் காட்டினார். ரேஞ்சர் தாசில்தாரைக் காட்டினார். ஊர்க்கவுண்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அடடே! சர்க்காரு ஒண்ணுன்னுல்ல நெனச்சிருந்தேன். நீங்க ரெண்டு நாடுங்களா? அப்பத் தனித்தனியாச் சொல்லிடுங்க. எங்க நாடுகளுக்குள்ளயும் சண்டை உண்டுங்க. எரிஞ்ச ஊருன்னா மட்டும் வந்துருவோமுங்க.”

அவர் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. பெண்கள் பக்கம்தான் களுக்கென்று சிரிப்பு வந்தது. நான் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றுகொண்டேன்.

ரேஞ்சர் ஒரு தடவை குழம்புப் பானையைப் பார்த்தார். பிறகு எழுந்தே விட்டார்.

“ஃபாரஸ்ட்டு நாடு! மூங்கிலும் புல்லும். நாளைக்குக் காலையில நானே நின்னு வெட்டித் தர்றேன். மேலதிகாரிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

தாசில்தார் சும்மா இருப்பாரா? “ரெவின்யூ நாடு! வீடு கட்டி முடியற வரைக்கும் எல்லாருக்கும் அரிசி. ஆள் வெச்சு ஏத்தி அனுப்பறேன்” என்றார்.

மந்தையே ஆர்ப்பரித்தது. இலை விழுந்தது. ஊர்க்கவுண்டர் என்னிடம் வந்தார்.

“நீங்க எந்த நாடுங்க கண்ணு?”

“ரெண்டு நாட்டுக்கும் நடுவுல நடக்கறவனுங்க.”

“அப்பப் புல்லுக்கட்டு தூக்குங்க.”

தூக்கினேன். கழுத்து சுளுக்கிக்கொண்டது, மனசு மட்டும் துள்ளியது.

3. ஒரே பந்தி

சடையன் வீட்டுக்குத்தான் முதல் கூரை. ஆடி பிறப்பதற்கு முன்பே அந்தப் பெண் பச்சைமூங்கில் வாசம் மாறாத வீட்டுக்குள் வலது கால் வைத்து நுழைந்தாள். சடையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்தது, மறைக்கவில்லை.

அழுது முடித்த கையோடு தாசில்தாரையும் ரேஞ்சரையும் கூட்டிவந்தார். “ரெண்டு நாட்டாரும் ஒரே பந்தியில ஒக்காரோணுமுங்க” என்றார். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். “இது உமக்குப் பிடிக்கும்யா” என்று தாசில்தார் தன் பலாப்பழப் பாயசத்தை ரேஞ்சர் பக்கம் தள்ளியதை நானே பார்த்தேன்.

அதன் பிறகு எத்தனையோ வெள்ளம், புயல், காலரா பார்த்துவிட்டேன். இப்போது சர்வீஸில் இருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எல்லா டிபார்ட்மெண்டையும் சேதம் நடந்த ஊருக்கே கூட்டிப் போங்கள். “நீங்க என்ன கொண்டாறீங்க?” என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். எல்லோரும் பதில் சொன்ன பிறகு இலை போடுங்கள். நான் ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான் செய்தேன். பசியில் என்னைத் திட்டாத ஆபீஸரே கிடையாது.