பனி ஊருக்கு எடுத்துப்போன பூட்டு

சாவிக்காரர் வீட்டை விட்டுக் கிளம்புவதைப் பார்க்கவே தனிப் பொறுமை வேண்டும். கதவைச் சாத்துவார், பூட்டுவார், சாவியைச் சட்டைப்பையில் போடுவார், நாலு படி இறங்குவார், ஏதோ மறந்தவர் மாதிரி திரும்பி ஏறிவந்து பூட்டைப் பிடித்து ஓர் இழு இழுப்பார். கீழே குப்பை கொட்டப் போனாலும் இதே கதைதான். கல்யாணமான புதிதில், மனைவி உள்ளே குளித்துக்கொண்டிருப்பதை மறந்து வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவள் ஜன்னலில் நின்று போட்ட சத்தத்தை மேல்வீட்டுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செருகிவைத்த மாதிரி ஒரு கடை. சாவி வெட்டும் இயந்திரம், கொக்கிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள், இரண்டு முக்காலி. ஒன்றில் அவர், இன்னொன்றில் மனைவியின் தம்பி. வாசலில் பேருந்துகள் உறுமிக்கொண்டே இருக்கும், இவர்கள் கத்திக்கொண்டே பேசுவார்கள். அந்த இரைச்சலில்தான் அவருக்கு மத்தியானத் தூக்கமே வரும்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இரண்டே பேர். அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள். மலைமேல், வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் ஓர் ஊர். அங்கே ஒரு சின்ன மருத்துவ நிலையம். டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸ்தான் எல்லாம். இருக்கிற நர்ஸ் ஓய்வு பெறுகிறாள். இவளை வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்னே?"

"பாத்துட்டுச் சொல்றேன்னேன்."

"அந்தக் குளிர்ல மனுஷன் இருப்பானா?"

"இருக்காங்களே, அதனாலதானே நர்ஸ் கேக்கறாங்க." அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "பெரிய டாக்டர், சின்ன டாக்டர், சூப்பிரண்டுன்னு எல்லார் சொல்றதையும் கேட்டாச்சுங்க. ஒரு இடத்துலயாவது நான் சொல்றதை நாலு பேர் கேக்கட்டும்."

"ஏன், நான் கேக்கலையா?"

"எப்போ?"

அவர் செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். ஒரு வாரம் லீவு போட்டு நேரில் போய்ப் பார்ப்பது, வார முடிவில் பதில் சொல்வது என்று முடிவாயிற்று. அவருக்குக் கிளம்பும்போதே பதில் தெரியும். அதைச் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை. ஸ்வெட்டர்களுக்கு நடுவில், துணியில் சுற்றி, கடையிலேயே ஒசத்தியான பூட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தினாலே தானாக விழுந்துகொள்ளும் ரகம். உள்ளேயிருந்து குமிழைத் திருகினால் திறக்கும். வெளியேயிருந்து சாவி இல்லாமல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஊர் என்று சொல்ல, சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள். மேலே சாலை திரும்பும் இடத்தில் ஒரு கடை. கீழே, கடைசி வீடுதான் மருத்துவ நிலையம். முன்னறையில் கட்டில், மருந்து அலமாரி, எந்நேரமும் எரியும் ஓர் இரும்பு அடுப்பு. பின்னால் நர்ஸ் குடியிருக்க இரண்டு அறை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வாசல். அந்த வாசற்கதவில் பூட்டு இருந்ததற்கான அடையாளமே இல்லை.

"யாராவது வந்தா தள்ளிக்கிட்டு உள்ள வந்து அடுப்புப் பக்கம் உக்காந்துப்பாங்க" என்றாள் பழைய நர்ஸ். "நான் எங்க இருந்தாலும் வந்துடுவேன். வெளிய நிக்க வெச்சா என்ன ஆகும், சொல்லுங்க?"

சாவிக்காரர் சும்மா தலையாட்டினார். முதல் நாளிலிருந்தே அவருக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. பேருந்து இல்லை, ஹார்ன் இல்லை. கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழும்போது மட்டும் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். மனைவியோ, வந்த மறுநாளே எதிர்ச்சரிவில் இருந்த பால்கார அம்மாவோடு வாயாடிக்கொண்டிருந்தாள். நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துத் தானே மருந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. வார்டில் அவளைப் பார்க்கப் போனபோதெல்லாம் அவர் கேட்டது தணிந்த குரல். இது அப்படி இல்லை. அதைக் கேட்டதும் அவர் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை காலை பழைய நர்ஸ் ஏதோ வேலையாக டவுனுக்குப் போனாள். சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். நர்ஸ் தலை மறைந்ததும் அவர் பூட்டை எடுத்துக் கதவில் மாட்டிவிட்டார்.

மனைவி பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "இது எதுக்கு?"

"மருந்து இருக்கு, ஊசி இருக்கு. திறந்த வீடா போட்டு வெக்கிறதா?"

"ராத்திரிக்கு மட்டும் போட்டுக்கோங்க. பகல்ல சாத்தாதீங்க, ஆள் வருவாங்க. நான் பால்கார அம்மா மாமியாருக்குக் கட்டுப் போட்டுட்டு வந்துடறேன். நீங்க இங்கேயே இருந்து, யார் வந்தாலும் உக்கார வைங்க. சரியா?"

"சரிம்மா, சரி."

அவள் போனபின் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தார். சத்தமே இல்லை. ஒரு பழைய வாரப் பத்திரிகையை இரண்டு முறை படித்தார். மச்சானோடு பேசினால் தேவலை என்று தோன்றியது. கீழே போனில் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும், நிம்மதியாகப் பேச மேலே கடைப்பக்கம்தான் போக வேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார், கதவைச் சாத்தினார், நாலடி நடந்தார், திரும்பி வந்து ஓர் இழு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. திருப்தியாக மேலே ஏறினார். பாதி வழியில் பனி தூற ஆரம்பித்தது.

"என்ன மாமா, கரடி கிரடி வந்துச்சா?" என்றான் மச்சான். அவனுக்குப் பின்னால் பேருந்து ஒன்று உறுமியது. அந்தச் சத்தம் விழுந்ததும் அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கரடிக்கே இங்க போரடிக்கும் மாப்ள. கேளு, நான் வரலைன்னு முடிவு பண்ணிட்டேன். உங்கக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"நேத்து அக்கா போன் பண்ணுச்சு மாமா. குரலைக் கேட்டா எனக்கே சந்தோஷமா இருந்துச்சு."

"அதான்டா பிரச்சனை."

கடைக்காரர் சூடாக டீ கொடுத்தார். காதில் விழாத மாதிரி சர்க்கரை எடை போட்டுக்கொண்டிருந்தார். வெளியே பனி கனத்து, கீழே இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டாவது டீயில் வாய் வைக்கும்போது போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" மனைவியின் குரல்.

"கடையில. ஏன்?"

"தபால்காரர் வாசல்ல கிடக்கறார். ஓடையில விழுந்து நனைஞ்சு வந்திருக்கார். கதவு பூட்டியிருக்கு. சாவி எங்க?"

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது.

சரிவில் அவர் ஓடினார் என்பதைவிட உருண்டார் என்பதே சரி. கடைக்காரரும் பின்னாலேயே வந்தார். வாசற்படியில் தபால்காரர் சுவரில் சாய்ந்து கிடந்தார். கால்சட்டை விறைத்துப் பலகை மாதிரி ஆகியிருந்தது. உதடு நீலம். மனைவி தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டு, அவர் கைகளைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தாள். பால்கார அம்மா கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியின் பித்தளையில் தோல் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஈரக் கையோடு பிடித்துத் தள்ளிப் பார்த்திருக்கிறார். கதவு திறக்கவில்லை என்பதையே நம்பாமல், யாரோ உள்ளேயிருந்து வருவார்கள் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

"திறங்க" என்றாள் மனைவி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

சாவியை நுழைத்தார். பாதிவரைதான் போயிற்று. உள்ளே பனி இறுகிக் கிடந்தது. மனிதக் கை எதனாலும் திறக்க முடியாது என்று வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசி விற்ற பூட்டு. இப்போது அவர் கைக்கும் மசியவில்லை. கடைக்காரர் நீட்டிய லைட்டரில் சாவியைக் காய்ச்சினார். நுழைத்தார். சுர்ரென்றது, கொஞ்சம் போயிற்று, நின்றது. மறுபடி காய்ச்சினார். காற்றில் லைட்டர் அணைந்தது.

"இதோ ஆச்சு, இதோ இளகிடும்."

"ஜன்னலை உடைங்க."

"வேணாம்மா, இப்போ திறந்துடும்."

"உடைங்கன்னு சொன்னேன்ல!"

"ஒரு நிமிஷம் பொறு…"

அவள் பொறுக்கவில்லை. தபால்காரரின் கைகளைப் பால்கார அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தாள். படி ஓரத்துக் கல் ஒன்றைப் பெயர்த்து எடுத்து ஜன்னல்மேல் போட்டாள். கண்ணாடி நொறுங்கியது. "ஏறுங்க" என்றாள்.

திருடனுக்கு வழிவிடாமல் இருக்கவே வாழ்நாளெல்லாம் உழைத்த மனிதர், கோட்டை ஜன்னல் விளிம்பில் விரித்து, வயிற்றை எக்கி, திருடனைப் போல உள்ளே குதித்தார். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்தது. குமிழைத் திருகினார். கதவு சொன்னபடி கேட்டது.

அதற்குப் பிறகு அறையில் அவள் குரல் மட்டும்தான். "ஈரத்துணியெல்லாம் கழட்டுங்க. அடுப்புக்கிட்ட வேணாம், தள்ளிப் படுக்க வைங்க. கம்பளி அந்தப் பெட்டியில. வெந்நீர், சக்கரை போட்டு. வாயில ஊத்தாதீங்க, முழுங்கறாரான்னு முதல்ல பாக்கணும்." கடைக்காரர் ஓடினார், பால்கார அம்மா ஓடினாள், சாவிக்காரரும் ஓடினார். ஜன்னல் ஓட்டையில் ஓர் அட்டையை வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ரத்தம் மணிக்கட்டு வழியே இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை. கட்டிலில் கிடந்தவர் நடுங்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மனைவியின் முகத்தை அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துத் தபால்காரருக்கு உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. பல் கடகடவென்று அடித்தது.

"நல்லது. நல்லா நடுங்கட்டும்" என்றாள் அவள். அப்போதுதான் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கொஞ்சம் தெளிந்ததும் தபால்காரர் கதவைப் பார்த்தார். "புதுப் பூட்டா? வலுவான சாமான். என் தோலையே கழட்டிக்கிச்சு."

பால்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாவிக்காரருக்குத் தரை பிளந்து உள்ளே போனால் தேவலை போலிருந்தது.

மற்றவர்கள் போய், தபால்காரர் தூங்கியபின், பின்னறையில் அவள் அவர் உள்ளங்கையைப் பிரித்துக் கண்ணாடித் துணுக்கை இடுக்கியால் எடுத்தாள்.

"வேணும்னே பண்ணீங்களா?"

"என்ன கேள்வி இது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இந்த இடம் வேண்டாம்னு ஆகணும்னு, ஏதாவது கெட்டது நடக்கட்டும்னு…"

"சத்தியமா இல்லம்மா. கை தானா சாத்திடுச்சு. பழக்கம்." சொல்லிவிட்டு நிறுத்தினார். அது உண்மைதான், ஆனால் முழுசாக இல்லை என்று அவருக்கே தெரிந்தது. "ஆனா வரலைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். கிளம்பும்போதே."

"தெரியும்."

"எப்படி?"

"ஒரு வாரம் தங்கப்போற வீட்டுக்கு யாராவது பூட்டு எடுத்துட்டு வருவாங்களா? உங்களுக்கு இந்த ஊரு உள்ள வரக்கூடாது." மருந்தை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தித்தான் தடவினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "நாளைக்குச் சரின்னு சொல்லப்போறேன். நான் வரேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம். கையைப் பிடிச்சு இழுக்க மாட்டேன். கோபத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க."

அதுதான் அவரை உலுக்கியது. கோபமாக இருந்தால் சமாதானப்படுத்தத் தெரியும். இது நோயாளிக்கு மருந்து அளவு சொல்வது போலிருந்தது.

மறுநாள் விடிந்ததும் பூட்டைக் கழற்றினார். திருகாணி இருந்த துளைகள் வழியே காற்று ஊதியது. விறகில் முளை சீவி ஒவ்வொன்றாக அடைத்தார். அந்த வேலை முடிவதற்குள் பாதி ஊர் வந்துவிட்டது. யாரும் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு வந்தார்கள், தபால்காரரைப் பார்த்தார்கள், இவரையும் ஒருமுறை பார்த்தார்கள். "இவர்தானா அவர்?" என்று ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டார். "ஜன்னல் வழியா வந்தவரா?"

பால்கார அம்மா பாலை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "பூட்டை எடுத்தீங்க, சரி. இந்தக் கதவு காத்தடிச்சா தானா திறந்துக்குதே அண்ணே, அதுக்கு ஒண்ணும் செய்ய மாட்டீங்களா? நாங்க கல்லை முட்டுக்கொடுத்தே காலம் தள்ளறோம்."

அவர் கதவை ஆட்டிப் பார்த்தார். மேல்கீல் தொங்கிப்போயிருந்தது. கட்டுப்போட்ட கையோடு கதவைத் தூக்கி முட்டுக்கொடுத்து, கீலைக் கழற்றி, அடியில் தகடு வைத்து மாட்டினார். சாத்தினார். தள்ளினால் திறந்தது, விட்டால் பொருந்தி நின்றது. காற்று மோதிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"எங்க மாட்டுக்கொட்டகைக் கதவும் இதே கேஸுதான்" என்றாள் பால்கார அம்மா.

அவர் மிஞ்சிய திருகாணிகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் இருவரும் கடைக்கு ஏறினார்கள். பனியில் நாலு கால்கள் நறநறப்பது மட்டும் கேட்டது. அவள் அதிகாரிக்குப் போன் போட்டாள். "ஆமாங்க சார், சம்மதம்" என்றாள். அவ்வளவு சுலபமாக அது வெளியே வந்தது. பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"குடியிருக்கப்போறது ஒருத்தரா, ரெண்டு பேரான்னு கேக்கறாங்க. விறகு கணக்குக்கு."

கடைக்காரர் இந்தமுறை எடை போடுவதை நிறுத்திவிட்டே பார்த்தார். சாவிக்காரருக்குப் பேருந்து நிறுத்தம் ஞாபகத்துக்கு வந்தது. முக்காலி, கொக்கிகள், மச்சானின் கத்தல். எதிரே அவள் நின்றாள். கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை. பதில் எதுவானாலும் எழுதிக்கொள்ளத் தயாராக நிற்கிற முகம். நேற்றுக் கட்டில் பக்கத்தில் பார்த்த அதே முகம்.

"பனி உருகற வரைக்கும் ரெண்டுன்னு சொல்லு" என்றார். "அதுக்கப்புறம் கேட்டா, அப்போ சொல்றேன்."

"அவங்க வருஷத்துக்குத்தான் எழுதுவாங்க."

அவர் கீழே பார்த்தார். சரிவின் அடியில் கடைசி வீட்டின் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் கதவைத் தள்ளி உள்ளே போனார். கதவு தானே வந்து பொருந்தியது.

"ரெண்டுதான். எழுதச் சொல்லு."

அவள் கையை எடுத்தாள். "ரெண்டு பேர் சார்" என்றாள். குரல் கொஞ்சம் பிசகியது. உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, "விறகு கொஞ்சம் கூடவே போடுங்க. எங்க வீட்டுக்காரருக்குக் குளிர் ஆகாது" என்றாள்.