தாழ்ப்பாள் தலைவர்

பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவர் பதவியைச் சிலர் ஆள்பிடித்து வாங்குவார்கள். நம் கிரில் பட்டறைக்காரரை அந்தப் பதவியே ஓடிவந்து பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் பேசியதுதான் அவர் செய்த குற்றம்.

"பொண்ணுங்க கழிப்பறைக் கதவுல தாழ்ப்பாள் இல்லீங்க."

அவர் மகள் ஆறாம் வகுப்பு. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிப்பவளுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டால் போச்சு. ஒருநாள் மகள் உள்ளே இருந்தபோது வந்தது. அன்றோடு அவள் பள்ளியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் சொட்டுக் குறையாமல் வீடு திரும்பியது. இரண்டு முறை நீர்க்கடுப்பு, காய்ச்சல். மூன்றாம் முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கழகத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு: குறை சொல்பவருக்கே பதவி. மின்விசிறி சுற்றவில்லை என்று சொன்ன தையல்காரர் துணைத்தலைவர் ஆனார். அதன்பின் மின்விசிறியைப் பற்றி அவர் வாய் திறந்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் குறிப்பே இல்லை. அதனால் பட்டறைக்காரர் பேசி முடிப்பதற்குள் செயலாளர், அதாவது கணக்கு வாத்தியார், கைதட்டிவிட்டார்.

"இப்படி அக்கறையுள்ள மனுஷனத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தோம்!"

மறுநாள் புதுத் தலைவர் தாழ்ப்பாளும் டிரில்லிங் மெஷினுமாகப் பள்ளிக்கு வந்தார். அவர் கைக்குப் பத்து நிமிட வேலை. தலைமையாசிரியை வராந்தாவிலேயே மறித்தார்.

"என்ன தலைவரே இது? தீர்மானம் இல்லாம பள்ளிச் சொத்துல நீங்க கை வைக்கலாமா?"

"ஒரு தாழ்ப்பாள்தானே மேடம்?"

"சாதாரண பெற்றோரா இருந்தா நானும் பாக்காத மாதிரி இருந்துடுவேன். தலைவரே விதிய மீறினா எப்படி?"

"அப்ப நான் ராஜினாமா பண்ணிடறேன்."

"தாராளமா. ஆனா அத கூட்டம்தான் ஏத்துக்கணும். பதவி குடுக்க கைதட்டல் போதும்; தீர்மானம்னா குறைஞ்சது இருபது பெற்றோர் வரணும். உங்களச் சேக்காம."

அந்தப் பள்ளியில் இருபது பெற்றோர் ஒன்றாகக் கூடியதே இல்லை. வந்தவர் வாய் திறந்தால் பதவி கிடைத்துவிடுகிறதே! உயிரின் மேல் ஆசையுள்ளவர் யார் வருவார்?

வீட்டில் இந்தச் சட்ட நுணுக்கம் எடுபடவில்லை. "ஊரான் வீட்டுக்கெல்லாம் கேட் போடுற மனுஷனுக்கு, பெத்த பொண்ணுக்கு ஒரு தாழ்ப்பாள் போட வக்கில்ல. தலைவராம் தலைவர்!" என்றாள் மனைவி. "எடுங்க அந்த மெஷின, நானே போய் மாட்டறேன்."

"தலைவர் குடும்பமும் கை வைக்கக் கூடாதாம். கேட்டுட்டேன்."

தலைவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். பலர் அவர் தலை தெரிந்ததும் குளியலறைக்குள் புகுந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டுத் தாழ்ப்பாள்கள் பிரமாதமாக வேலை செய்தன; சில அவரே போட்டுக் கொடுத்தவை. பதவி எதுவும் தருவதில்லை என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் செய்து, மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இருபது பேரை வகுப்பறை பெஞ்சுகளில் உட்கார வைத்துவிட்டார். அவர் சட்டைப் பையில் தாழ்ப்பாள். தோள்பையில் மெஷின். அன்று காலைதான் மகள், "இன்னிக்கு மாட்டிடுவியாப்பா?" என்று கேட்டிருந்தாள்.

கணக்கு வாத்தியார் நிகழ்ச்சி நிரலைப் படித்தார். முதல் பொருள், தீர்மானப் புத்தகம் வைக்கும் பீரோவின் கதவு மூடி நிற்காமல் எலி புகுவது. கழிப்பறை ஆறாவது.

"சார், ஆறாவத முதல்ல எடுத்துக்கலாமே?" என்றார் தலைவர், ஏறக்குறைய கும்பிட்டபடி.

"எடுக்கலாமே! வரிசைய மாத்தறதுக்கு ஒரு தீர்மானம் போடணும். அது ஏழாவதா இருக்கு."

எலியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். ஆவணம் இல்லாத கழகம் கழகமே அல்ல என்று தலைமையாசிரியை கண்கலங்கினார். பீரோவுக்கு உடனே ஒரு தாழ்ப்பாள் பொருத்துவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"தாழ்ப்பாள்தான் தலைவர் பையிலயே இருக்கே! என்ன ஒரு முன்யோசனை!" என்றார் வாத்தியார்.

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கையோடு மூன்று பேர் எழுந்துவிட்டார்கள்; ஒருவருக்கு ஷிப்ட், இருவருக்குக் கடை.

"அஞ்சு நிமிஷம் இருங்கண்ணே, கால்ல வேணா விழறேன்," என்று தலைவர் வாசல்வரை ஓடினார்.

"அடுத்த மாசம் கண்டிப்பா வரேன் தலைவரே."

மிச்சம் பதினேழு. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நிறைவேறிய தீர்மானத்தை நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் தலைவரிடம் இருந்தது. பீரோ முன்னால் முட்டி போட்டு, அளவெடுத்து, நான்கு திருகாணிகளை முடுக்கினார். கைக்குப் பொய் வேலை செய்யத் தெரியாது. தாழ்ப்பாள் வெண்ணெய்போல் வழுக்கி விழுந்தது. இனி எந்த எலிக்கும் அந்தப் புத்தகம் கிட்டாது.

மணி அடித்தது. மகள் மெஷின் சத்தம் கேட்டு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"மாட்டிட்டியாப்பா?"

"மாட்டிட்டேம்மா. பீரோவுக்கு."

அவள் பீரோவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "எங்களுக்கு?"

அவர் மெஷினின் வயரைச் சுற்றினார். சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினார். பிறகு அவள் தோளிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். காலையில் நிரப்பிய கனம் அப்படியே இருந்தது.