அண்ணன் தேடிச் சேர்த்த தூண்டில் ரீல்கள்

அண்ணன் இல்லாமல் ஒரு வருடத்தைக் கடத்திவிட்டோம். நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று வீட்டார் சொன்னார்கள். நல்லதற்குக் குறைவில்லை, எழுதுகிறேன். கூடவே என் மேலுள்ள ஒரு குற்றத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. சொந்தங்களும் நண்பர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

தெமோதரைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் அண்ணன் பிறந்தார். அப்பா வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலை பார்த்தவர். துரை மீன் பிடிக்கப் புறப்பட்டால் தூண்டில்களைச் சுமந்துகொண்டு ஹோட்டன் சமவெளி வரை கூடப் போவாராம். நான் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அப்போது அண்ணனுக்கு ஒன்பது வயது.

அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலையில் சேர்ந்து, பின்னர் அவற்றைப் பழுதுபார்க்கும் பிட்டராக உயர்ந்தார். என்னைக் கொஸ்லந்தவில் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். கோபம் வந்தால் அண்ணன் கத்த மாட்டார். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அது கத்துவதைவிட மோசம்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய தூண்டில் ரீல்கள். தூண்டில் நூலைச் சுற்றி வைக்கும் சின்னச் சக்கரங்கள் அவை. துரைமார் போன பின் பங்களா ஸ்டோர்களில் கிடந்து, பழைய இரும்போடு இரும்பாகக் கடைக்கு வந்தவை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் பதுளையில் பழைய சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போய் நிற்பார். ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன்.

"தம்பி, நீங்க மீன் புடிக்கிறதும் இல்ல, திங்கிறதும் இல்ல. இத வச்சி என்னா செய்றீங்க?" என்று நானா கேட்டார்.

"பாத்துக்கிட்டு இருப்பேன் நானா."

கழற்றி, துரு நீக்கி, எண்ணெயிட்டுச் சுழல வைப்பார். ஆனால் மேலே படிந்த கறுப்பை மட்டும் தொடவே மாட்டார். கண்ணாடி அலமாரி நிறைய வரிசையாக இருந்தன. இந்தக் கிறுக்கு எதற்கென்று நாங்கள் கேலி செய்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முந்திய ஆயுத பூஜைக்கு நான் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். பூஜையில் வைக்க வேண்டிய ஸ்பேனர், சுத்தியல்களை ஒரு தட்டில் போட்டுவிட்டு அண்ணன் தொழிற்சாலைப் பூஜைக்குப் போனார். அவர் வருவதற்குள் கழுவித் துடைத்து வைப்போமென்று உட்கார்ந்தேன். தட்டில் கறுத்துப்போன பித்தளை ரீல் ஒன்றும் இருந்தது. சாமிக்கு முன்னால் அழுக்காகவா வைப்பது? புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைப் போலத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. எனக்கு ஒரே பெருமை.

அண்ணன் வந்தார். ரீலை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல அப்பா பேரு இருந்துச்சு" என்றார்.

அப்பா ஆணியால் தன் பெயரை ஒரு ரீலின் கறுப்பில் லேசாகக் கீறி, துரையிடம் ஏச்சு வாங்கிய கதையை அம்மா அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அத்தனை காலமும் ரீல் சேர்த்ததெல்லாம் அந்த ஒன்றைத் தேடித்தான். முந்திய வாரம் நானா கடையில் அது கிடைத்திருக்கிறது. பூஜையில் பொட்டு வைத்து எனக்குக் காட்ட வேண்டுமென்று, அண்ணியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அப்பாவின் முகம் அறியாதவள் நான். அவர் கையெழுத்தையும் பார்க்காமலே தேய்த்துவிட்டேன்.

"யாரு தேச்சது?"

சாம்பல் படிந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அடுப்படியிலிருந்து அண்ணி வந்தார்.

"நாந்தாங்க. தெரியாமப் பண்ணிட்டேன்."

அண்ணன் அந்த ரீலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜையை முடித்தார். பிறகு வெளியே போய் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். "வந்த எடத்துல நீ அழுதுகிட்டுப் போகக் கூடாது புள்ள" என்று அண்ணி என்னிடம் மெல்லச் சொன்னார்.

விஷயம் சொந்தத்துக்குள் பரவியது. "மாமனார் பேரையே தேச்சு அழிச்சவ" என்று கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அண்ணியைச் சொன்னீர்கள். அண்ணி சிரித்துக்கொண்டு பந்தி பரிமாறினார். அண்ணன் அந்த இடத்தைவிட்டு எழுந்துபோவார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். கோழைத்தனம், வேறு பெயர் இல்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் அண்ணனின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தேன். இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை கஞ்சி கேட்டார். அடுத்த தடவை தூங்கிவிட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

அவரைத் தோளில் சுமந்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துப் போட்ட லயத்து மக்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து ஓரமாக நின்று அழுத நானாவுக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணியை இனி யாரும் அப்படிச் சொல்லாதீர்கள். தேய்த்தது நான்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன்.

"இத எதுக்குப் போடுற?" என்றார். "அன்னைக்குச் சாயங்காலமே அவருகிட்ட உண்மையச் சொல்லிட்டேன். அவரு என்னா சொன்னாரு தெரியுமா? 'தங்கச்சிகிட்ட ஒன்னும் கேட்டுறாத. வெக்கப்பட்டு வீட்டுப் பக்கம் வராமப் போயிரும்'னாரு."

அந்த ஆயுத பூஜைக்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அண்ணன் தெமோதரை பஸ் நிறுத்தத்துக்கு வந்து, என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.