சின்னவனைப் பகிர்ந்த கதை

"ஷேர் பட்டன்தானே தம்பி, ஒரு மணி நேர வேலை." இதைக் கேட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டே சிரிச்சிருக்கீங்களா? அப்ப வாங்க, உக்காருங்க, நீங்க நம்ம ஆளு. புரோகிராம் எழுதுற நம்ம தொழில்ல பட்டனைப் போடுறது சுலபம். அதை அமுக்கினா எதை எங்கிட்டு எழுதி வைக்கிறதுன்னு முடிவு பண்றதுலதான் மண்டை காயும்.

சில வருஷத்துக்கு முன்னால, புதுக்கோட்டையில ஒரு டெய்லர் கடை மாடியில உக்காந்து ஹாஜா பாய்க்காக 'ஊர்ப்பலகை'ன்னு ஒரு வெப்சைட் செஞ்சேன். பாய் துபாய்ல இருந்து ஊரோட வந்துட்டவரு. மாவட்டத்துல எது காணாமப் போனாலும், எது நடந்தாலும் அதுல பதிவு போடணும், மத்தவுக அதைப் பகிரணும்னு அவருக்கு ஆசை. கீழ தையல் மெஷின் ஓடுனா மேல என் மானிட்டர் ஆடும். அந்த ஆட்டத்தை நெனச்சா இப்பவும் ஏக்கமாத்தான் இருக்கு.

என்ன கலர் சட்டை?

வல்லத்திராக்கோட்டை மல்லிகா அக்கா ஜல்லிக்கட்டுக் காளை வளர்த்தாங்க. பெத்த மகன் பெரியவன். அதனால காளைக்குப் பேரு சின்னவன். ஒரு ஜல்லிக்கட்டுல வாடிவாசலைத் தாண்டி ஓடுன சின்னவன் வீடு திரும்பல. அக்கா போட்டோவோட ஊர்ப்பலகையில பதிவு போட்டாங்க: "எங்க சின்னவனைக் காணோம். ரெண்டு நாளாச்சு. கூட்டத்தைக் கண்டா மெரளுவான். பாத்தவுக சொல்லுங்க."

யாராவது ஒரு பதிவைப் பகிர்ந்தா, அதுல உள்ள எழுத்தை அப்படியே நகலெடுத்து 'பகிர்வு'ங்கிற இன்னொரு டேபிள்ல, அதாவது தகவல் அட்டவணையில, போடுற மாதிரி செஞ்சு வெச்சிருந்தேன். எழுத்தை மட்டும். போட்டோவைச் சுத்தமா மறந்துட்டேன். மாவட்டம் பூரா படமில்லாத சின்னவன் கெளம்பிட்டான். ஆவுடையார்கோவில்ல ஒரு ஆட்டோக்கார அண்ணன் பஸ் ஸ்டாண்டை மூணு சுத்து சுத்தித் தேடிட்டு அக்காவுக்குப் போன் போட்டிருக்காரு. "அழாதீங்கம்மா, புள்ள கெடச்சிருவான். என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?"

தன் மாட்டுக்குத் தானே திருடி

அன்னைக்கே படத்தையும் சேர்த்து நகலெடுக்கிற மாதிரி மாத்துனேன். பெரிய சாமர்த்தியம்னு நெனப்பு. மறுநாள் குடுமியான்மலைப் பக்கம் ஒரு சோளக்கொல்லையில சின்னவன் கெடச்சான். அக்கா சந்தோஷமா அவங்க பதிவுல "கெடச்சிட்டான்"னு திருத்துனாங்க. அந்த ஒண்ணு திருந்துச்சு. நகலெல்லாம் 'காணோம், காணோம்'னே கத்திக்கிட்டு இருந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சு நீச்சலுக்காகக் கண்மாய்க்குக் காளையை ஓட்டிட்டுப் போன அக்காவைப் பக்கத்து ஊர்க்காரவுக மறிச்சுட்டாங்க. போன்ல இருந்த படத்தையும் மாட்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, காளையைப் புளியமரத்துல கட்டிப் போட்டுட்டாங்க. தெரிஞ்சவுக யாரோ வந்து சொல்லித்தான் விட்டிருக்காக. அக்கா அங்கேருந்து நேரா எங்க மாடிப்படி ஏறி வந்தாங்க. "ஏந்தம்பி, எம்மாட்டை நானே திருடிட்டுப் போறேன்னு கயித்தைப் புடுங்குறாங்க. இனி ஆதார் கார்டை அது கழுத்துலதான் கட்டித் தொங்க விடணுமா?"

பாயோட சந்தேகம்

நகலெடுக்கிறதையே தூக்கிட்டேன். பகிர்வு டேபிள்ல இனி நாலே விவரம்: யாரு பகிர்ந்தாக, எப்ப, சொந்தமா மேல என்ன எழுதுனாக, மூலப் பதிவு எது. கல்யாணப் பத்திரிகையை ஆளாளுக்கு ஜெராக்ஸ் போட்டுக் குடுக்காம, கல்யாண வீட்டைக் கை காட்டி விடுற மாதிரி. மூலத்தைத் திருத்துனா எல்லா எடத்துலயும் திருந்திரும். மூலத்தை அழிச்சா, பகிர்வும் சேர்ந்து அழியட்டும்னு புரோகிராம்ல ஒரு வரி எழுதிட்டேன். வீடு சுத்தமா இருக்கும்ல?

இதையெல்லாம் பாய்கிட்ட பெருமையா வெளக்குனேன். அவரு டீயை நிதானமாக் குடிச்சு முடிச்சாரு. "கல்யாண வீட்டைப் பூட்டிட்டாகன்னா, வந்தவுகளையும் சேத்தா பூட்டுவே?"

யாரு அழிச்சா?

அடுத்த மழைக்காலத்துல நோய் கண்டு நாலே நாள்ல சின்னவன் செத்துப் போனான். "எங்க சின்னவன் போயிட்டான்"னு புதன்கிழமை அக்கா ஒரு படம் போட்டாங்க. அதைப் பகிர்ந்தவுக ஒவ்வொருத்தரும் மேல ரெண்டு வரி எழுதுனாக. புளியமரத்துல கட்டிப் போட்டவுக எழுதுனாக. ஆட்டோக்கார அண்ணன், "ஒன்னையப் புள்ளன்னு நெனச்சுத் தேடுனேன்டா. இப்ப நெசமாவே புள்ள போன மாதிரி இருக்கு"ன்னு எழுதுனாரு. அக்கா ஒண்ணு விடாம வாசிச்சாங்க.

ஆனா போனைத் தொறந்தா சின்னவன் மொகம். தாங்க முடியாம அடுத்த திங்கக்கிழமை அந்தப் பதிவை அழிச்சுட்டாங்க. நான் எழுதி வெச்ச அந்த ஒத்த வரி, அத்தனை பேர் எழுதுனதையும் தொடச்சிருச்சு. அக்கா படியேறி வந்தாங்க. இந்தத் தடவை சத்தமே போடல. "நான் போட்டதை நான் அழிச்சேன். அவுக எழுதுனதை யாரு தம்பி அழிச்சா?"

வெள்ளிக்கிழமைப் பிரதி

எனக்கு அழுகையே வந்துருச்சு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கெளம்பும்போதெல்லாம், "எல்லாத்தையும் ஒரு பிரதி எடுத்து வெச்சியா?"ன்னு பாய் உசுரை வாங்குவாரு. அந்த நச்சரிப்புதான் காப்பாத்துச்சு. பிரதியில இருந்து பகிர்வுகளை மட்டும் மீட்டு, அந்த ஒத்த வரியைத் தூக்கிட்டு, படம் இருந்த எடத்துல 'மூலப் பதிவு இப்போது இல்லை'ன்னு போட்டேன். பிரதி எடுத்த பெறகு சனி, ஞாயிறு எழுதுனவுக வரிகள் மட்டும் போனது போனதுதான். அதையும் அக்காகிட்ட மறைக்காமச் சொன்னேன்.

அக்கா வெரலால தள்ளித் தள்ளி வாசிச்சாங்க. ஆட்டோக்காரர் வரி வந்ததும் சிரிச்சுக்கிட்டே முந்தானையால கண்ணைத் தொடச்சாங்க. அப்புறம் என்னைய நிமிந்து பாத்தாங்க. "துக்கம் கேக்க வந்தவுகளை நீ வாசலோட வெரட்டிட்டியேப்பா. அந்த ரெண்டு நாளு வந்தவுக யாருன்னுகூட எனக்குத் தெரியாமப் போச்சே."

ஊர்ப்பலகையும் இல்லை, அந்த மாடியும் இல்லை. இன்னைக்குப் பெரிய கம்பெனி மீட்டிங்ல யாராவது பகிர்வு டேபிளை வரைஞ்சு காட்டுனா, "மாடு செத்துட்டா இது என்னங்க பண்ணும்?"னு நான் கேக்குறதும், பாவம் மனுஷனுக்கு ரெண்டு நாள் லீவு குடுக்கலாம்னு எல்லாரும் என்னையப் பாக்குறதும் வழக்கமாயிருச்சு.