விண்கப்பலில் ஒரு விருந்தாளி

நோர்பரியில் இருந்தபோது ஞாயிறு மத்தியானங்களில் நாங்கள் ஒரு பழைய விண்வெளித் தொடர் பார்ப்போம். ஒரு குடும்பம் கப்பலோடு வழிதவறி, பூமிக்குத் திரும்ப முடியாமல் கிரகம் கிரகமாக அலையும். அவர்களோடு அழையாமல் ஏறிய ஒருவர், ஒரு வேலையும் செய்யாமல், கிழமைக்கொரு வில்லங்கத்தை இழுத்துவிடுவார்.

எங்கள் வீட்டுச் சின்ன அறையில் அப்போது என் கணவரின் சிநேகிதர் இருந்தார். கடை போட இடம் தேடிப் பாரிஸிலிருந்து வந்தவர். இரண்டு கிழமை என்று வந்து எட்டு மாதமாகிவிட்டது. வந்தவரிடம் 'எப்ப போறியள்' என்று கேட்கிற வாய் எங்கள் ஆட்களுக்கு இல்லை. 'சாப்பிட்டிட்டியளோ' என்றுதான் கேட்கத் தெரியும்.

ஒருநாள் அவர் டிவியைப் பார்த்துச் சூடானார்.

"இவனுக்கு ஏன் இன்னும் சோறு போடுகினம்? நானெண்டால் போன கிரகத்திலேயே இறக்கிவிட்டிருப்பன்."

கொஞ்ச நேரத்தில் அவருக்கே உறைத்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, குட்மேய்ஸில ஒரு அறை இருக்காம். நாளைக்குப் போறன்."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர் இருந்த அறை தேவைப்பட்டது. பள்ளிக்கூடச் சோதனை வருகிறது, மகள் மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு ஓம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அந்தாள் இல்லாட்டி அந்தக் குடும்பம் தங்களுக்குள்ளயே அடிபட்டிருக்கும், அண்ணை. நீங்கள் கடை திறந்திட்டுப் போங்கோ. இப்ப தேத்தண்ணி ஆறுது."

அவர் கோப்பையை எடுத்தார். அன்று பின்னேரமே மகளுக்கு ஒரு மேசையை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொடுத்தேன்.