சந்தனம் பூசிய சாட்சி

மட்டாஞ்சேரி மிளகுக் கடைத்தெருவில் வெங்கிடராமன் நடத்திவந்த தரகு அலுவலகத்தில், மாயம்மாள் நெடுங்காலமாகத் தட்டச்சு செய்துவந்தாள். மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர் ஆறுச்சாமியின் மகளாகிய அவள், வீட்டில் தமிழ் பேசுவாள்; மலையாளத்தில் எழுதுவாள்; அலுவலகத்தில் ஆங்கிலத்தில் தட்டுவாள்; கோபம் வந்தால் மூன்றிலும் வாய் திறக்கமாட்டாள்.

முதலாளி வெங்கிடராமன் சலவைத் துணிக் கணக்குக்கும் பிள்ளையார் சுழி போடுபவர். அலுவலகத்துக்குக் கணினி வந்த அன்று கற்பூரம் காட்டியே திரையின் ஓரத்தைக் கருக்கியவர். மின்மடல் அனுப்பியவுடன் அதன் படியை அழித்துவிடுவார். தபாலில் போட்ட கடிதம் இன்னும் வீட்டிலேயே கிடந்தால் அது போய்ச் சேரவில்லை என்பது அவருடைய சித்தாந்தம். 'கணபதி' என்னும் கடவுச்சொல் அவருக்கும், மருமகன் சுதீருக்கும், மாயம்மாளுக்கும், சாயா கொண்டுவருபவருக்கும் தெரியும். ஆயினும் கணினியில் எது காணாமற்போனாலும், காணாமற்போக்கியவள் மாயம்மாளே என்பது அங்கு ஏற்கெனவே தீர்ப்பான வழக்கு.

ஆகையால், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில், கலூரில் ஒரு மகளிர் சங்கம் 'பெண்களுக்கு இலவசக் கணினித் தடயவியல் தொடக்கப் பயிற்சி' என்று அறிவித்தபோது, அழிந்ததை மீட்டெடுக்கும் வித்தை என்று கேள்விப்பட்டு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

முதல் சனிக்கிழமை குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. மேடையில் வரிசையாக அமர்ந்த ஆண்கள் எல்லாரும், பெண்கள் முன்னேற வேண்டியதன் அவசியத்தைச் சாப்பாட்டு வேளை தாண்டியும் விளக்கினார்கள். அடுத்த சனிக்கிழமை குழுப்படம் எடுக்கப்பட்டது. அதற்கடுத்த வாரம் பாடம் தொடங்கியது. கணினிகள் பழுதாகிவிடும் என்று சங்கச் செயலாளர் அஞ்சியதால், அவை துணி உறைகளுக்குள்ளேயே இருந்தன. சம்பளமின்றிக் கற்பிக்க வந்த ஜிஷா என்னும் இளம் பொறியாளர் கரும்பலகையையே கணினியாகப் பாவித்தார்.

"அணைஞ்சு கிடக்கிற கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க. யாரும் தொடாத எடத்துல வைங்க. யாரெல்லாம் தொட்டாங்கன்னு கேட்டா பதில் வேணும். அழிச்சது அப்பவே போயிடாது, அதுக்கு மேல வேற எழுதினாத்தான் போகும்" என்றார் ஜிஷா.

"தொடாம இருக்கறதை மட்டும் நல்லாப் படிச்சாச்சு டீச்சரே" என்றாள் மாயம்மாள். "இவ்வளவு நாளா ஒரு கம்ப்யூட்டரையும் நாங்க தொட்டிட்டில்லல்லோ!"

வகுப்பு சிரித்தது. செயலாளர் எழுந்து உறைகளைச் சரிசெய்தார்.

நவராத்திரியின் அஷ்டமியன்று காலை, அலுவலகத்தில் இடி விழுந்தது. மும்பை வியாபாரி சேத்திக்கு வெங்கிடராமன் தயாரித்திருந்த மிளகு விலை, எதிர்க்கடைச் செல்லதுரையின் மின்மடலுக்குப் போய்விட்டது. செல்லதுரை சற்றே குறைத்துச் சொல்லி, வியாபாரத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

"வேற ஆராக்கும் அனுப்பினது? நீதானே தட்டறாய்?" என்றார் வெங்கிடராமன்.

"சத்தியமாட்டு நான் அனுப்பல சாமி."

"தசமிக்குப் பூஜை எடுத்ததுக்கப்பறம் நீ வரண்டாம், கேட்டியா?"

சுதீர் ஏதோ ஒரு கணினிப் பயிற்சியில் பாதி முடித்தவர். அதில் அவர் கற்றது ஒரே மருந்து. "வைரஸா இருந்தாலும் ஆளா இருந்தாலும், ஃபார்மட் பண்ணினா எல்லாம் சரியாயிடும். சாயந்தரமே பண்ணிடறேன்" என்றார்.

மாயம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போனது வேலை மட்டுமன்று. செல்லதுரைக்கு உளவு சொன்னவள் என்ற பெயருடன் கடைத்தெருவில் வேறு எந்தப் படியும் ஏற முடியாது. தன் பக்கம் இருக்கும் ஒரே சாட்சியைச் சாயங்காலம் சுதீர் துடைத்துவிடப் போகிறார். தடயவியல் பேசினால் இங்கு யார் கேட்பார்கள்?

மாலையில் சரஸ்வதி படத்தின்முன் கணக்குப் புத்தகங்களும் தராசும் பூஜைக்கு வைக்கப்பட்டன. மாயம்மாள் பணிவாகக் கேட்டாள்: "சாமி, நம்ம சோறு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியிலதானே இருக்கு? அதையும் பூஜைக்கு வைக்கண்டாமா?"

மறந்துபோனதற்காக வெங்கிடராமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாயம்மாள் மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிவந்து படத்தின் காலடியில் வைத்தாள். தொடக்கும் விசையின்மேலும், மூடியின் திருகாணிகள்மேலும், பின்புறத்து ஓட்டைகள்மேலும் சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமம் வைத்தாள். பக்தி சற்று அதிகம் என்று யாரும் குறை சொல்லவில்லை.

சுதீர் ஃபார்மட் செய்யக் குறுந்தகட்டுடன் வந்து நின்றார். "மாயா, அதை இங்க எடு."

"எனக்கென்ன சார், எடுக்கலாம். சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

"பூஜையிலே வெச்சதையா தொடறேள்?" என்று வெங்கிடராமன் அதிர்ந்தார். "எங்காத்துப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிண்டும் இது தெரியலையே, மாப்பிள்ளை!"

விஜயதசமி காலையில் பூஜை எடுத்த கையோடு ஜிஷா வந்து சேர்ந்தார். மாயம்மாள் தொலைபேசியில் அழைத்திருந்தாள். சுதீர் முகம் சுளித்தார். வெங்கிடராமனோ, "இன்னிக்கு நாள் பாத்து டீச்சர்னு ஒருத்தி வாசல்ல நிக்கறா, போன்னு சொல்லப்படாது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதை யாரெல்லாம் தொட்டாங்க?" என்று ஜிஷா கேட்டார்.

"சரஸ்வதி மட்டும்" என்றாள் மாயம்மாள்.

ஜிஷா குனிந்து பார்த்தார். காய்ந்த சந்தனத்தில் ஒரு கீறலும் இல்லை. "அரக்கு சீல் கூட இவ்வளவு பத்திரமா இருந்து நான் பாத்ததில்ல!" என்றபடி சந்தனத்தைச் சுரண்டி, பெட்டியைத் திறந்து, வன்வட்டை அப்படியே தம் மடிக்கணினியில் நகலெடுத்து, அந்த நகலில் தேடினார். அழிக்கப்பட்ட மடல் திரையில் எழுந்து வந்தது.

"செல்லதுரைக்குப் போனது இதுதான். ஆனா உச்சியில, தனி வரியில, ஒரு இங்கிலீஷ் 'யூ' மட்டும் கிடக்கு. கை தெரியாமப் பட்டதாயிருக்கும்" என்றார் ஜிஷா.

எல்லார் கண்ணும் வெங்கிடராமன் பக்கம் திரும்பியது. தமிழ் எழுத்தில்லாத விசைப்பலகையில், 'உ'வுக்குப் பதிலாக அந்த எழுத்தைத் தட்டிப் பிள்ளையார் சுழி போடுபவர் அந்த அலுவலகத்தில் ஒருவரே. சேத்தியின் பெயரில் 'எஸ்', 'ஈ' என்று முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை அவர் தட்டியதும், அதே எழுத்துகளில் தொடங்கும் செல்லதுரையின் முகவரியைக் கணினி தானாக நீட்டியிருக்கிறது. அவரும் பார்க்காமல் அனுப்பிவிட்டு, வழக்கம்போல் படியை அழித்திருக்கிறார். சுதீர் குறுந்தகட்டை மெல்லச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெங்கிடராமன் மூக்குக்கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். "இந்தக் கம்ப்யூட்டருக்கு ரொம்பத் திமிராக்கும்" என்றார் முடிவில். பிறகு, திரையைப் பார்த்தபடியே, "நீ நாளைக்கு வந்துடு, மாயா" என்றார்.

"வரேன் சாமி. ஆனா எனக்குத் தனியா ஒரு பாஸ்வேர்ட் வேணும்."

"எதுக்கு? கணபதி இருக்கே!"

"கணபதி எல்லாருக்கும் பொது. பழி மட்டும் எனக்குத் தனியாத்தானே வந்தது?"

வெங்கிடராமன் தலையசைத்தார். நடந்தது வைரஸின் வேலை என்று கடைத்தெருவில் சொல்லப்பட்டது. வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்து, வைரஸ் இருந்த பெட்டியையும் எட்டிப் பார்த்துப் போனார்கள். கலூரில் நிறைவு விழா சிறப்பாக நடந்தது. அன்றும் உறைகள் கழற்றப்படவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள் மாயம்மாள் கணினியின்முன் அமர்ந்து, புதிய கடவுச்சொல்லைத் தட்ட விசைப்பலகையில் கை வைத்தாள். வெங்கிடராமன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று கழுத்தை நீட்டினார்.

"சாமி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக, முதலாளி சுவரைப் பார்த்து நின்றார்.