மெயின் சுவிட்சுக்கு முன்னால் ஒரு சண்டை

"மெயின எறக்கச் சொன்னது மேனேஜரு. நானா எறக்கல தேவராஜு. நீ மிஷின முழுசா மூடாம பஸ்ஸுக்கு ஓடுனா அதுக்கு நானா ஜவாபு? இப்பவாவது ஒத்துக்கோ."

மாமல்லபுரம் பஸ் நிலையத்தில், கையில் டீ டம்ளரோடு இதை நான் உரக்கச் சொன்னபோது தேவராஜ் அங்கே இல்லை. எங்கேயுமே இல்லை. செங்கல்பட்டு பஸ்ஸின் கண்டக்டர் அப்போதுதான் இறங்கி வந்து, "பெருசு, உன் கூட்டாளி, அந்த மொத சீட்டு தேவராஜு, காலைல நெஞ்சு வலின்னு சொல்லிகினே போய்ட்டாராம்" என்று சேதி சொல்லியிருந்தார். போன தடவை பார்த்தபோது நான் சொல்ல வேண்டிய ஒரு பதில் பாக்கி இருந்தது. அதுதான் முதலில் வாயில் வந்தது. அழுகை பஸ் ஏறிய பிறகு வந்தது.

இறந்தவருக்கு மரியாதை தர வேண்டும் என்பதால் இதில் 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "இன்னா அண்ணாத்த, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருப்பார்.

மாமல்லபுரத்தில் எங்கள் ஓட்டலில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், தொண்ணூறுகளில் நான் வாட்ச்மேன், அவர் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. தினமும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத் தனியாக பஸ்ஸில் வருவார். ஒரு தடவை பேசியவர் குரலை மறக்க மாட்டார். என் குரலை மட்டும் மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்பார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இனி ரூம் புக்கிங் எல்லாம் அதில்தான் என்றார்கள். மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் கறார். "காலை ஷிப்ட்ல நீ மட்டும்தான் இருப்பே. நீயே மிஷினைத் திறந்து வேலை பார்த்தா இந்த சீட் உனக்கு. தினமும் ஒருத்தர் வந்து திறந்து கொடுக்கணும்னா நான் வேற ஆள்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார். அப்போது தேவராஜுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். மனைவி ஸ்டெல்லாவுக்கும் பார்வை இல்லை. இந்தச் சம்பளம் போனால் வேறு வழியும் இல்லை.

திரையில் என்ன வந்தாலும் வாய்விட்டுப் படிக்கும் சாப்ட்வேர் ஒன்றை, தெரிந்த பையன்களைப் பிடித்து அதில் போட்டுக்கொண்டார். எவ்வளவு வேகத்தில் பேச வேண்டும், எவ்வளவு சத்தமாக, யார் குரலில் என்பதையெல்லாம் நாமே வைக்கலாமாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, மிஷினைப் போட்டதும் யாரும் தொடாமல் அது தானாகப் பேச ஆரம்பிக்க வேண்டும். "எனக்குக் கண்ணு இல்ல, இதுக்கு வாய் இல்லன்னா ரெண்டு பேரும் சேந்து இன்னாத்த கிழிக்கப் போறோம்?" என்பார்.

வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் படபடக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது இங்கிலீஷா தெலுங்கா என்றே தெரியாது. "இன்னாடா இது, ஜன்னி கண்டவன் மாதிரி பெனாத்துது?" என்று கேட்டேன்.

"நீ பேசறதயும் இப்படி ஓட்டறதுக்கு ஒரு பட்டன் இருந்தா எனக்கு எவ்ளோ டைம் மிச்சம் அண்ணாத்த!"

ஆனால் சாயங்காலம் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டுப் போனது எதுவும் மறுநாள் காலையில் இருக்காது. மிஷின் ஊமையாக உட்கார்ந்திருக்கும். ரிசப்ஷன் பெண்ணைக் கூப்பிட்டுத் திறந்தால், புதிதாக வாங்கிய அன்று பேசியது போல இழுத்து இழுத்துப் பேசும். தினமும் இதே கதை. மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை. புது ஆள் ஒருவரை வரச் சொல்லியிருப்பதாக மட்டும் கேள்விப்பட்டோம்.

அன்று சாயங்காலம் தேவராஜ் மிஷினை மூடும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஏற்கெனவே ஒரு மிஷின் ஹை வோல்டேஜில் புகைந்துபோனதால், ஆள் வெளியேறியதும் அந்த அறையின் மெயினை இறக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட உத்தரவு. கைப்பிடியில் கை வைத்தபடி, "உன்னப் பாத்தாலே மிஷினுக்கு வாயடச்சிப் போவுது தேவராஜு" என்று சீண்டினேன்.

கேட் வரை போனவர் கோலைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "உன்னப் பாத்தா தெருநாய் கூட வாயத் தொறக்குது. அதுக்குத்தான உன்ன வாட்ச்மேனா வச்சிகீறாங்க!"

விடுவேனா? நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, பஸ் போய்விட்டது. மறுநாள் காலை அவர் பட்டனை அழுத்தினார். நான் வாசலில் நின்றேன். பாட்டு வந்தது. அது எப்போதும் மிஷின் திறக்கும்போது வருவதுதான். அப்புறம் கடுகு வெடித்தது.

"அண்ணாத்த! பேசுது! நேத்து இன்னா பண்ணோம்?"

"சண்ட போட்டோம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். முழுதாக மூடி முடித்தால்தான் அந்த மிஷின் வைத்ததையெல்லாம் மனதில் பதித்துக்கொள்ளுமாம். அது மெதுவாக மூடிக்கொண்டிருக்கும்போதே நான் தினமும் மெயினை இறக்கியிருக்கிறேன். அன்று மட்டும் சண்டை என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

அவருக்கு வேலை நிலைத்தது. அதிலிருந்து தினமும் சாயங்காலம், குற்றம் யாருடையது என்று மெயின் சுவிட்சுக்கு முன்னால் நின்று சண்டை போடுவோம். மிஷினுக்குள் ஓடும் விசிறி நின்றதும், "நின்னுடுச்சு, எறக்கு" என்று சொல்லிவிட்டுப் பாதிப் பேச்சில் போய்விடுவார். ஒருநாள்கூட என்னை முடிக்க விட்டதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் பார்க்கும்போதெல்லாம் அதே சண்டைதான், அதே பாதிதான்.

காரியம் முடிந்த மறுநாள் ஸ்டெல்லா கூப்பிட்டு அனுப்பியது. வீட்டில் இருந்த கம்ப்யூட்டரை அவர் போனதிலிருந்து யாரும் போடவில்லை. நடுவில் பல தடவை கரண்ட் வேறு போய் வந்திருந்தது. ஸ்டெல்லாவும் அதில்தான் எல்லாம் படிக்கும். "அவரு வச்சது. ஊமையா கெடந்தா திருப்பி வைக்க எனக்குத் தெரியாதுண்ணா. அதான் தனியா போட பயம்" என்றது.

பட்டனை அழுத்தியது. பாட்டு வந்தது. கடுகு வெடித்தது.

ஸ்டெல்லா பெருமூச்சு விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டது. அப்புறம் தட்டு தட்டென்று தட்டி வேகத்தைக் குறைத்தது. "இத்தினி நாள் இந்த ஓட்டத்துக்கு ஓடுனது போதும். இனிமே என் வேகத்துல பேசட்டும்." மிஷினை மூடும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, என்னைச் சுவர் சுவிட்சை அணைக்கச் சொன்னது.

நான் அணைக்கவில்லை. அந்தப் புது வேகம் உள்ளே பதிய வேண்டுமே! தேவராஜிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். எந்த சுவிட்சில் கை வைத்தாலும் கொஞ்ச நேரம் சண்டை போடாமல் என்னால் அணைக்க முடியாது.

"ஸ்டெல்லா, அன்னிக்கு மெயின எறக்கச் சொன்னது மேனேஜரு. உன் வூட்டுக்காரன் இன்னா சொல்லிகினு இருந்தான்னா..."

விசிறி நின்றது.

"நின்னுடுச்சுண்ணா, அணைங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா சுவரைத் தொட்டபடி சமையலறைக்குப் போய்விட்டது. நான் இன்னும் பாதிகூடச் சொல்ல...